லோவல் ட்ரைஸ்பாக் பார்த்த பழுப்புகள்

“இந்தக் கண்ணை ஏமாத்துற பழுப்பு இன்னும் பூமியில பொறக்கலைய்யா!”

லோவல் ட்ரைஸ்பாக் இப்படி அறிவித்த இடம் ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் நிலவறைக் கூடம். நேரம், சோளம் போட்ட கோழி சூப்பின் இரண்டாவது கிண்ணம் முடிந்து கரும்புப்பாகு ஊற்றிச் சுட்ட ‘பை’ பலகாரம் இன்னும் வந்து சேராத புனிதமான இடைவேளை. கேட்டவர்கள் பத்துப் பேர். எல்லாரும் டல்பெஹாக்கன் பள்ளத்தாக்குச் செப்புக்காசுக் கழகத்தின் உறுப்பினர்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பிலடெல்பியாவில் அடித்த பெரிய ஒரு சென்ட் காசுகளைச் சேர்த்து வைப்பதும், மாதம் ஒருமுறை சனிக்கிழமை மதியம் கூடி ஒருவர் காசில் இன்னொருவர் குறை கண்டுபிடிப்பதும் அந்தக் கழகத்தின் நோக்கங்கள். இரண்டாவது நோக்கத்துக்காகத்தான் முதல் நோக்கமே ஏற்பட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு.

யாரும் லோவலை மறுக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுகிறவர்கள் அல்ல. வீட்டுக்குப் போய் மனைவியிடம் மறுப்பார்கள். தவிர, லோவலை மறுக்க ஒரு தகுதி வேண்டும். ரெடிங் நகரத்துக் காலுறை ஆலை ஒன்றில் சாயப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் நிறம் பார்த்தவர் அவர். தொட்டியில் அரைக் கரண்டி சாயம் கூடிப்போனால் வாசற்படியில் நின்றே சொல்லிவிடுவார். அந்த மாவட்டத்து வங்கி அதிகாரிகளும் பாதிரிமார்களும் ஒரு தலைமுறைக்கு அணிந்த பழுப்புக் காலுறைகள் அத்தனையும் அவருடைய ஒப்புதல் பெற்றுக் கடைக்குப் போனவை. ஆலை மூடியபோது அந்தக் கண் வேலை இழந்தது. முப்பத்து நான்கு வருஷம் பழுப்பையே பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? செப்புக் காசுகளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

காசின் தரம் பார்ப்பது எளிய காரியம் என்று வெளியார் நினைப்பதுண்டு. எழுபது மதிப்பெண்ணுக்கான தேர்வு அது. முதலில் கூர்மை பார்க்கவேண்டும். காசில் இருக்கும் சுதந்திர தேவியின் கூந்தலில் எத்தனை இழை மிச்சம், காதோரத்துச் சுருள் தெரிகிறதா, பின்பக்கத்து மாலையில் இலைகளுக்கு நரம்பு இருக்கிறதா என்றெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்து ஒரு மதிப்பெண். அப்புறம் கழித்தல். விளிம்பில் அடிபட்டிருந்தால் கழி. கன்னத்தில் கீறலா, கழி. மண்ணுக்குள் கிடந்து அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கிறதா, தாராளமாகக் கழி. நாற்பதில் தொடங்கிப் பன்னிரண்டில் வந்து நிற்கும் காசுகள் உண்டு. அப்படிப்பட்ட மனிதர்களையும் அந்தக் கூடத்தில் பார்க்கலாம்.

இதுவரை சண்டை கிடையாது. இழையை எண்ணலாம், கீறலை அளக்கலாம். நிறத்துக்கு வரும்போதுதான் கனவான்கள் பிரிவார்கள். பொன் எத்தனை வருஷமானாலும் பொன்னாகவே இருக்கும். செப்பு அப்படி அல்ல. அது மூச்சு விடுகிற உலோகம். வியர்வை பட்டால் கறுக்கும், ஈரம் பட்டால் பச்சை பூக்கும், யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டால் மெல்ல மெல்ல ஒரு பழுப்புக்கு வந்து சேர்ந்து நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்ளும். அந்தப் பழுப்புதான் காசின் மானம். சிலர் காசைத் தேய்த்து மினுக்கிவிட்டு, செய்த பாவம் தெரியாமலிருக்க மேலே எதையாவது பூசி நிறம் ஏற்றுவார்கள். அப்படிப்பட்ட காசைக் கழகத்தில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. லோவலுக்கு முப்பத்திரண்டு பழுப்புகள் பெயரோடு தெரியும். வால்நட் ஓடு, குதிரைச் சேணம், நேற்றைய காப்பி, ஈர வைக்கோல் என்று போகும் அந்தப் பட்டியல். ஒருவர் தன் காசைக் குதிரைச் சேணம் என்பார். பக்கத்தில் இருப்பவருக்கு அது சேறாகத் தெரியும். யாருக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்தது.

இந்தச் சச்சரவைத் தீர்க்கத்தான் கழகம் நடுவரை வைத்திருந்தது. நடுவருக்கு அறுபத்தைந்து வயது தாண்டியிருக்கவேண்டும் என்பது விதி. வயதான கண் அதிகம் பார்த்த கண், ஆகவே நன்றாகப் பார்க்கும் கண் என்று விதியை எழுதியவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு அப்போது எழுபது.

நடுவர் தீர்ப்பை ஒரு சிறு சீட்டில் மசியால் எழுதிக் காசின் காகித உறைக்குள் போடுவார். ஒருமுறை உள்ளே போன சீட்டை யாரும் எடுக்கக்கூடாது. காசு கைமாறும், ஊர்மாறும், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைக்குப் போவார்கள். சீட்டு மட்டும் காசோடு பயணம் போய்க்கொண்டே இருக்கும்.

லோவலின் முழக்கத்துக்குக் காரணமான சீட்டு அதற்கு ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் எழுதப்பட்டிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கழகத்தில் வரிசைப்படுத்தும் கூட்டம் நடக்கும். ஒரே வருஷத்தில், ஒரே அச்சில் அடித்த காசு யார் யாரிடம் இருக்கிறதோ அவர்களெல்லாம் கொண்டுவந்து தட்டில் வைக்கவேண்டும். தட்டு மேசையைச் சுற்றி வரும். எல்லாரும் பார்த்து முதல், இரண்டாவது, கடைசி என்று வரிசை எழுதுவார்கள். அந்த முறை எடுத்துக்கொண்டது 1796-ஆம் வருஷக் காசு, தேவியின் நெற்றிக்கு மேல் மயிரிழை போல விரிசல் விழுந்த அச்சு. ஐந்து காசுகள் வந்தன. அதில் ஒன்று மெர்வின் ஹன்சிக்கருடையது.

அப்போதைய நடுவரான லோவல் அந்தக் காசைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மங்கலாக, மண்ணாக, எந்தப் பெயரிலும் அடங்காத ஒரு பழுப்பு. முப்பத்திரண்டில் இல்லாத பழுப்பு இயற்கையில் இருக்கமுடியாது என்று அவருக்குத் தெரியும். சீட்டில் எழுதினார்: ‘நிறம் காசினுடையது அல்ல. எல். டி.’ எழுதிவிட்டு வாயாலும் சொன்னார்.

“ஷூ பாலிஷ், மெர்வின். நல்ல பிராண்டுதான், ஆனா பாலிஷ்.”

மெர்வின் நாற்பது வருஷம் ப்ரெட்சல் என்ற முறுக்கு ரொட்டி சுடும் பேக்கரியில் அடுப்படியில் நின்றவர். “பழுப்பைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே, லோவல். எது வெந்தது, எது தீஞ்சதுன்னு எனக்குத் தெரியும்” என்றார். அப்போதுதான் லோவல் எழுந்து நின்று, பூமியில் இன்னும் பிறக்காத பழுப்பைப் பற்றிச் சொன்னார். பை வந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், நோயில் படுத்த ஒரு மாதம் தவிர, மெர்வின் ஒரு கூட்டம் தவறாமல் வந்தார். சூப் குடித்தார். அந்தக் காசை மட்டும் கொண்டுவரவில்லை. நண்பர்கள் நண்பர்களாகவே இருந்தார்கள். “என்ன மெர்வின், ஷூ இன்னிக்கு மின்னுது? காசுக்குப் போக மிச்சமா?” என்று கேட்க ஒருவராவது மிச்சமிருந்தார். இரண்டாவது வருஷத்திலிருந்து மெர்வின் தோல் ஷூ போடுவதையே விட்டுவிட்டார். முழங்கால் அளவு பனி விழுந்த ஜனவரியிலும் கித்தான் ஷூவில், விரல் விறைத்து, கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

அதே ஒன்பது வருஷங்களில் லோவலின் உலகம் மெதுவாகக் கனிந்துகொண்டிருந்தது.

அது எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. மாலை கொஞ்சம் சீக்கிரம் வரத் தொடங்கியது. பனி விழுந்தால் பாலேட்டின் நிறத்தில் விழுந்தது. சமையலறைச் சுவர் வெண்ணெய் ஆனது. காலை வெளிச்சத்தில் மனைவி ஆர்டித்தின் முகம் தேனுக்குள் இருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. பழைய புகைப்படத்துக்குள் குடியேறியவரைப் போல லோவல் அந்த மஞ்சள் பொழுதுக்குள் சௌகரியமாக நடமாடினார். வயதுக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொண்டார். காசுகளும் வருஷத்துக்கு வருஷம் அழகாகின. தேய்ந்ததும் தேய்க்கப்பட்டதும்கூட ஒரு பொன்மாலையில் நனைந்து வந்து நின்றன. நடுவர் மதிப்பெண்ணில் தாராளம் காட்டினார். “லோவல் மனசு இளகிட்டான்” என்று கழகத்தில் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பொற்காலம் ஒரு பிப்ரவரியில், பக்கத்து வீட்டின் அஞ்சல் பெட்டி மேல் அவர் கார் ஏறியபோது முடிவுக்கு வந்தது. பெட்டி நேற்றுவரை அங்கே இல்லை என்று லோவல் வாதாடிப் பார்த்தார். ஆர்டித் அவரைக் கண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“உங்க கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் டீத்தண்ணி நிறத்துக்கு வந்திருக்கு, மிஸ்டர் ட்ரைஸ்பாக்” என்றார் மருத்துவர். “புரை. இடது கண்ணை முதல்ல பண்ணிடலாம். வலது கண்ணு ஏப்ரல் கடைசியில.”

“நிறமெல்லாம் நல்லாத்தான் தெரியுது, டாக்டர். நிறம் பாக்கறதுதான் என் தொழிலே.”

“அப்படியா?” என்றார் மருத்துவர். மருத்துவர்கள் இப்படிச் சொல்லும்போது வாயைத் திறக்காமல் சிரிப்பது எப்படி என்று கல்லூரியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இடது கண் அறுவை முடிந்து கட்டுப் பிரித்த காலைப்பொழுது நீலமாக இருந்தது.

இதற்கு மேல் லோவலால் விவரிக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி நீலமாகக் கிடந்தது. வேலிக்கு அடியில் இருந்த நிழல் அதைவிட ஆழ்ந்த நீலம். கிண்ணத்துப் பாலின் விளிம்பில் ஒரு மெல்லிய நீல வளையம் மிதந்தது. தன் கையைப் பார்த்தார்; மணிக்கட்டில் நீல நரம்புகள் ஆறுகளைப் போல ஓடின. யாரோ உலகத்தைக் கழுவிக் கொடியில் போட்டுவிட்டு, இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும்போதே அவரைக் கூப்பிட்டுக் காட்டுகிற மாதிரி இருந்தது. ஆர்டித் காப்பியோடு வந்தாள்.

“இந்த நீல கவுன் எப்போ வாங்கினே?”

“எந்தக் கவுன்?”

“இப்போ போட்டிருக்கியே.”

“பதினோரு வருஷமா போட்டுட்டிருக்கேன், லோவல்.”

“அது சாம்பல்ல?”

“உனக்குச் சாம்பல். வித்தவனுக்கு நீலம். ‘சாம்பல் நிறம் உனக்கு எடுப்பா இருக்கு’ன்னு நீ சொன்னப்ப, சரி, இந்த மனுஷன் வாயிலயும் ஒரு நல்ல வார்த்தை வந்துச்சேன்னு விட்டுட்டேன்.”

வலது கண்ணை மூடினால் இந்தப் புது உலகம். இடது கண்ணை மூடினால் பழைய தேன். லோவல் ஒருநாள் முழுவதும் கதவைத் திறந்து மூடும் காவல்காரனைப் போல இரண்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருந்தார். மறுநாள் காசுப் பெட்டியைத் திறந்தார்.

அவரிடமும் ஒரு 1796 இருந்தது. அதே விரிசல், அதே அச்சு. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கூட்டத்தில் ஏகமனதாக முதலிடம் பெற்றது. அதன் உறைக்குள் ஆறு சீட்டுகள். ஐந்து, பழைய காலத்துப் பெரியவர்கள் எழுதியவை. ‘உன்னதமான பழுப்பு’, ‘மாசற்ற நிறம்’ என்று ஒவ்வொருவரும் ஒரு படி மேலே போயிருந்தார்கள். ஆறாவது லோவலுடையது. அவர் இன்னும் இரண்டு படி போயிருந்தார்.

ஒட்டக முடித் தூரிகையால் தூசி தட்டி, ஜன்னலோரம் வைத்து, முதலில் வலது கண்ணால் பார்த்தார். அப்போதுதான் ஓடு பிளந்து எடுத்த கஷ்கொட்டையின் பளபளக்கும் பழுப்பு. பெருமூச்சு விட்டார். பிறகு இடது கண்.

ஜுரக்காரியின் கன்னம். இளஞ்சிவப்பாக, தோல் உரிந்த சதை மாதிரி கொதித்துக்கொண்டிருந்த செப்பின் மேல் பழுப்பு திட்டுத்திட்டாகப் பவுடர் போல அப்பியிருந்தது. லோவல் உடனே இடது கண்ணை மூடிக்கொண்டார். கஷ்கொட்டை திரும்பி வந்தது. அந்த வாரம் அவருக்குக் கிடைத்த பெரிய வசதி அதுதான்: பிடிக்காததைப் பார்க்க நேர்ந்தால் பார்க்கிற கண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு நினைப்பு மட்டும் எந்தக் கண்ணை மூடினாலும் போகவில்லை. இது இப்படி என்றால், மெர்வினின் காசு எப்படி?

ஆர்டித் அவரை மெர்வின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போனாள். கதவைத் திறந்த மெர்வின் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“வழி தவறிட்டியா? ஷூக் கடை அடுத்த தெருவுல.”

“உள்ள வரலாமா?”

“கண்ணு ஆபரேஷனாமே. ஆர்டித் சொல்லி ஊருக்கே தெரியும்.”

“ஒரு கண்ணுதான்.”

“இப்போ எந்தக் கண்ணால என்னைப் பாக்கறே?”

“ரெண்டாலயும்.”

“எதுல நான் நல்லா இருக்கேன்?”

லோவல் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துவிட்டு, “வலதுல” என்றார்.

“புதுசு எது?”

“இடது.”

“நெனச்சேன்” என்று சொல்லி மெர்வின் வழிவிட்டார்.

சமையலறை மேசையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு தட்டு ப்ரெட்சல். லோவல் அரை ப்ரெட்சல் தின்று முடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். “அந்த 96ஐக் கொஞ்சம் காட்டு.”

மெர்வின் எழுந்து போனார். வரும்போது ஒரு கையில் காகித உறை, இன்னொரு கையில் ஒரு பெரிய ஜாடி. ஜாம் போடுகிற கண்ணாடி ஜாடி. உள்ளே பல்குத்தும் குச்சிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் உருட்டிய பஞ்சு. அத்தனையும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

“இது என்ன?”

“ஆதாரம்.” மெர்வின் ஜாடியை மேசையில் வைத்தார். “பெயிண்ட் கரைக்கிற தண்ணி இருக்குல்ல, சைலீன், அதுல பஞ்சைத் தோய்ச்சுக் காசு மேல உருட்டுவேன். பாலிஷ் இருந்தா பஞ்சுல வரணும். ஒவ்வொரு மாசமும் கூட்டம் முடிஞ்சு வந்ததும் ஒண்ணு. நூத்தியேழு இருக்கு. ஒரு மாசம் நிமோனியா.”

“நூத்தியேழு தடவையா? மொதல் தடவையே தெரிஞ்சிருக்குமே, மெர்வின்.”

“மொதல் தடவையே தெரிஞ்சுது. அடுத்த மாசம் அவனுங்க ஷூவைப் பாத்துச் சிரிச்சதும் மறுபடி சந்தேகம் வந்துரும்.” மெர்வின் ஒரு ப்ரெட்சலை உடைத்தார். தின்னவில்லை. “எங்கப்பா பன்னிக்கறிக்குப் புகைபோடற அறையோட சுவரை இடிச்சப்போ கல்லு இடுக்குல இருந்து எடுத்தது இது. கூட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அதைத் தொட்டது ரெண்டே பேர். ஒண்ணு அவரு, ஒண்ணு நான். நான் தடவல. அப்போ உன் சீட்டு யாரைச் சொல்லுது? அவரு ஞாயித்துக்கிழமை ஷூவுக்கே பாலிஷ் போடாத மனுஷன், லோவல். நான் செத்தப்புறம் இந்தக் காசு யார் கைக்குப் போனாலும், ஹன்சிக்கர் ஒரு ஃபிராடுன்னு அந்தச் சீட்டு கூடவே போயிச் சொல்லும்.”

லோவல் காசை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். வலது கண்ணில் அதே பழைய சேறு. கண்ணை மாற்றினார்.

காசுக்குள் மாலை நேரம் இருந்தது. ஆழ்ந்த பழுப்பு, அதன் மேல் மூச்சு பட்ட கண்ணாடி போல ஒரு நீலம். புறாவின் கழுத்து திரும்பும்போது வந்து போகுமே, அந்த நீலம். சாய்த்தால் தேவியின் கூந்தலில் ஏறியது. நிமிர்த்தினால் இறங்கித் தோளில் நின்றது. நூறு வருஷத்துப் புகை, கல்லிடுக்கில் யாரும் பார்க்காமல், ஒரு அவசரமும் இல்லாமல் பூசிவிட்டுப் போன நிறம். லோவல் மேசையை மறந்தார், ப்ரெட்சலை மறந்தார். ஒரு வயல் வரப்பில் நிற்கிற மாதிரி, தூரத்தில் எங்கேயோ விறகு புகைகிற மாதிரி இருந்தது அவருக்கு. பட்டியலில் முப்பத்து மூன்றாவது பழுப்புக்கு ஒரு பெயர் தேடினார். கிடைக்கவில்லை. அந்த நீலத்தை வடிகட்டிவிட்டால் மிச்சம் சேறுதான். ஒன்பது வருஷம் அவர் கண் செய்தது அந்த வடிகட்டும் வேலை.

“ம்ம்” என்றார்.

“ம்ம்னா?”

“கூட்டத்துக்குக் கொண்டு வா. இந்த வருஷம் மறுபடி இதே அச்சுதான்.”

“எதுக்கு? இன்னொரு சீட்டு எழுதவா?”

“கொண்டு வாய்யா.”

வெளியே ஆர்டித் ஹாரன் அடித்தாள். மெர்வின் ஒரு சிறு புட்டியும் புதுப் பஞ்சு சுற்றிய ஒரு குச்சியும் கொண்டுவந்து லோவலின் சட்டைப் பையில் செருகினார்.

“இது எதுக்கு?”

“உன்கிட்டயும் ஒரு 96 இருக்குல்ல” என்றார் மெர்வின். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைக்குக்கூட அத்தனை கள்ளமில்லாத முகம் வராது.

அந்தக் குச்சி மூன்று நாள் சட்டைப் பையிலேயே இருந்தது. நான்காம் நாள் லோவல் அதை எடுத்தார். புட்டியைத் திறந்தார். தன் காசின் பின்பக்கத்தில், மாலையின் முடிச்சுக்குக் கீழே, யாரும் பார்க்காத மூலையில், குழந்தையின் நெற்றியைத் தடவுவதுபோல ஒரே ஒரு தடவை உருட்டினார்.

பஞ்சு பழுப்பானது.

வலது கண்ணால் பார்த்தார். இடது கண்ணால் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக இரண்டு கண்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின.

ஐந்து பெரியவர்களின் சீட்டுகளையும் மேசையில் பரப்பினார். கழகத்தின் பழைய ஏட்டை எடுத்துத் தேதிகளைச் சரிபார்த்தார். சீட்டு எழுதியபோது ஒருவருக்கு எழுபத்தொன்று, ஒருவருக்கு எழுபத்தாறு, இருவருக்கு எழுபத்தெட்டு, ‘மாசற்ற நிறம்’ என்று எழுதியவருக்கு எண்பத்து நான்கு. எல்லாரும் விதிப்படி தகுதி பெற்ற நடுவர்கள். ஐந்து தலைமுறைத் தேன் ஒன்றன் மேல் ஒன்றாக அந்தக் காசின் மேல் வழிந்திருந்தது.

ஆர்டித் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “என்ன பண்ணப் போறே?”

“எதை?”

“அந்தப் பஞ்சை.”

“தெரியல.”

“ஒண்ணும் பண்ணாட்டியும் யாருக்கும் தெரியாது. அங்க வர்ற பத்துப் பேருக்கும் உன்னைவிட மோசமான கண்ணு. போன மாசம் டிக் மில்லர் என்னை உங்க செயலாளர் வெர்னான்னு நெனச்சு, கோட்டு நல்லா இருக்குன்னான்.”

“அது வெர்னாவோட கோட்டு, ஆர்டித். நீதான் மாத்திப் போட்டுட்டு வந்தே.”

“அது வேற விஷயம்” என்று சொல்லிவிட்டு ஆர்டித் நீலமாகச் சமையலறைக்குள் போனாள்.

ஏப்ரல் மாதக் கூட்டத்துக்கு ஐந்து காசுகள் வந்தன. மெர்வின் கித்தான் ஷூவில் வந்து, உறையிலிருந்து காசை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, சூப் கிண்ணத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். செயலாளர் வெர்னா க்ளிங்கர் காசு பார்க்கும் நேரத்தை அளக்க முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் திருகினாள். தட்டு சுற்றியது. மஞ்சள் பல்புகளுக்கு அடியில் பழைய கண்கள் லென்ஸ் வழியாகக் குனிந்து பார்த்து முனகின. முடிவு வந்தது. லோவலின் காசு முதல், மெர்வினின் காசு கடைசி. போனமுறை எழுதிய வரிசையையே பார்த்து எழுதினார்களோ என்று கேட்கும்படியான ஒற்றுமை.

“இனி நடுவர்!” என்று டிக் மில்லர் மேசையைத் தட்டினார். “லோவல், அந்த வசனத்தை எடுத்து விடு. பூமியில இன்னும் பொறக்கலன்னு சொல்லுவியே. அது இல்லாம தீர்ப்பு ருசிக்காது.”

“ஆமா, சொல்லுய்யா! புதுக் கண்ணு வேற வந்திருக்கு!”

“சூப் ஆறுது, குடிங்க” என்றார் லோவல்.

இரண்டு காசுகளையும் அவற்றின் உறைகளையும் எடுத்துக்கொண்டு பல்பு வெளிச்சத்தைவிட்டு விலகி, கூடத்தின் கோடியில் கூரையோரம் இருந்த சின்ன ஜன்னலுக்கு அடியில் போய் நின்றார். ஜன்னல் வழியாக ஒரு கை அகலத்துக்கு ஏப்ரல் வானம் இறங்கியது. அவருக்குப் பின்னால் கரண்டிகள் கிண்ணத்தில் உரசின. யாரோ மெர்வினின் ஷூவைப் பற்றி ஏதோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்டது. மூடியிருந்த வலது கண் ஒருமுறை, பழக்க தோஷத்தால், தானாகத் திறந்துகொள்ளப் பார்த்தது. லோவல் உள்ளங்கையால் அதைப் பொத்திக்கொண்டார். ஒரு கண்ணால் மட்டும் நெடுநேரம் பார்த்தார்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, தன் காசுக்கான ஏழாவது சீட்டை எழுதினார்.

‘கூர்மை முப்பது. நிறம் பூசியது, பஞ்சில் வந்தது. கழித்தது போக எட்டு. எல். டி.’

மெர்வினின் உறையில் பழைய சீட்டு இருந்தது. அதைத் தொடாமல், அதன் பின்னால் வைப்பதற்கு ஒரு புதுச் சீட்டை எடுத்தார். இதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஜன்னலை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, முப்பத்து நான்கு வருஷம் சாயத்தொட்டி ஏட்டில் எழுதிப் பழகிய நிதானமான கையெழுத்தில் எழுதினார்.

‘கூர்மை இருபத்தைந்து. கழிக்க ஒன்றுமில்லை. நிறம் காசினுடையதே. முந்தைய சீட்டை எழுதியவர் கண்ணில் புரையோடு பார்த்தார். இந்தப் பழுப்பு அவருக்குத் தெரியவில்லை. எல். டி.’

மசி காயும்வரை, யாருக்கும் கேட்காதபடி, அதன் மேல் மெல்ல ஊதிக்கொண்டிருந்தார்.